முதல் மரக்காலுக்கு மூன்று பெயர்கள்

தைப்பிங் சந்தையில் கீரை விற்கும் பெண் நேற்று என்னிடம், "பாக்சிக், நீங்கள் மலாய் மிக நன்றாகப் பேசுகிறீர்கள்" என்றாள். பாக்சிக் என்றால் பெரியவரே என்பது போல ஒரு மரியாதைச் சொல். அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். நான் இந்த ஊரில் மலாய் பேசத் தொடங்கியபோது அவளுடைய தாயாருக்கே பால்பல் விழுந்திருக்காது. இந்த மாதத்தில் இது எனக்குக் கிடைத்த பதினேழாவது பாராட்டு. நாட்காட்டியில் பென்சிலால் கோடு போட்டுக் கணக்கு வைத்திருக்கிறேன். ஒரு மலாய்க்காரரைப் பார்த்து இன்னொரு மலாய்க்காரர், "நீங்கள் மலாய் நன்றாகப் பேசுகிறீர்கள்" என்று சொல்லி நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. என் சொந்த ஊரான பள்ளத்தூரின் கடைத்தெருவில் என் தமிழை யாரும் பாராட்டியதில்லை. சரியாகப் பேசுகிறவனைப் பார்த்து யாருக்கும் பாராட்டத் தோன்றாது. தப்புத் தப்பாக, ஆனால் தயங்காமல் பேசுகிறவனுக்குத்தான் பாராட்டு. அந்த வகையில் மாதம் பதினேழு என்பது அதிகம்தான்.

நான் மலாயைப் புத்தகத்தில் படிக்கவில்லை. அரிசிக் கடையில் வாடிக்கையாளர்கள் பேசப் பேசப் பொறுக்கி எடுத்தேன். இருபத்தாறு வயதில் கப்பலேறி வந்து, முதல் ஆண்டிலேயே பேரம் பேசினேன், மூன்றாம் ஆண்டில் சண்டை போட்டேன், ஐந்தாம் ஆண்டில் மலாயில் கனவு கண்டேன். கனவிலும் அதே தப்புகள்தான். உதாரணமாக, நம் வீடுகளில் புறப்படும்போது 'போகிறேன்' என்று யார் சொல்கிறார்கள்? 'வர்றேன்' என்றுதான் சொல்வோம். நான் மலாயிலும் முப்பது வருடத்துக்கும் மேலாக 'வருகிறேன்' என்று சொல்லித்தான் எல்லா வீட்டிலிருந்தும் கிளம்பியிருக்கிறேன். எங்கள் கடைக்குப் பின்சந்தில் குடியிருந்த பள்ளி ஆசிரியை ஸைனப்பின் தாயார், முதல் மாதம் முழுவதும் நான் விடைபெற்ற பிறகு எனக்கென்று ஒரு கோப்பை காப்பி ஊற்றி மூடி வைத்துக் காத்திருந்தாராம். வருகிறேன் என்றவர் வரவேயில்லையே என்று வருத்தப்பட்டாராம். எத்தனை கோப்பை வீணாயிற்று என்று கேட்டேன். ஒன்பது என்றார். அப்படியும் பழக்கம் விட்டபாடில்லை.

ஆனால் நான் சொல்ல வந்த தப்பு அது அல்ல. அதற்குச் செக்காலைக்குப் போக வேண்டும். பதினெட்டாவது வயதில், பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு, காரைக்குடி செக்காலையில் உறவினர் ஒருவரின் அரிசிக் கடையில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். முதல் நாள் ஒரு மூட்டை அரிசியை மரக்காலால் அளக்கச் சொன்னார்கள். 'ஒண்ணு' என்று ஆரம்பித்தேன். உறவினர் என் கையிலிருந்த மரக்காலைப் பிடுங்கிக் கொண்டார். அளக்கும்போது முதல் அளவை 'ஒண்ணு' என்று சொல்லக்கூடாது, 'லாபம்' என்று சொல்ல வேண்டும். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போக வேண்டும். தானியம் அளக்கும் வீடுகளில் இது பழைய வழக்கம். எனக்குத் தெரியாமல் இல்லை, பள்ளிக்கூடத்துக் கணக்கு நாக்கில் நின்றுவிட்டது. அவர் அரிசியைத் திரும்பக் கொட்டச் சொன்னார். எட்டு வருடம் அங்கே அளந்தேன். எட்டு வருடத்தில் நான் 'ஒண்ணு' என்று தொடங்கியது அந்த ஒரு தடவைதான்.

தைப்பிங்கிலும் அரிசிக் கடையில்தான் வேலை. இங்கே மரக்காலுக்குப் பதில் காந்தாங் என்றொரு அளவு. மலாயில் ஒன்றுக்கு ஸாத்து என்று பெயர். அது எனக்கு முதல் வாரமே தெரியும். ஆனால் காந்தாங்கைக் கையில் எடுத்து அரிசிக்குள் அழுத்தியதும் வாய் ஸாத்து என்று சொல்ல மறுத்தது. லாபத்துக்கு மலாயில் உந்துங். நான் பாட்டுக்கு உந்துங், துவா, தீகா என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன். யாரும் திருத்தவில்லை. முப்பது வருடம் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. முதல் காந்தாங்கை என் லாபமாக எடுத்துக்கொள்வதை நான் வெளிப்படையாகச் சொல்கிறேன் என்று வாடிக்கையாளர்கள் நினைத்திருக்கிறார்கள். மற்றக் கடைக்காரர்கள் மறைத்துச் செய்வதை இந்த மனிதர் சத்தமாகச் சொல்லிச் செய்கிறாரே என்று என் நேர்மையைப் பற்றிச் சுற்றுவட்டாரத்தில் நல்ல பேச்சாம். சிலர் வீட்டில் அளந்து பார்த்து, அரிசி குறையவில்லை என்று கண்டு இன்னும் வியந்திருக்கிறார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் என்னைக் கேட்டுக் கேட்டு அவர்களும் உந்துங், துவா என்று எண்ணத் தொடங்கியிருந்தார்கள். ஒரு தெருவின் மலாயைக் கெடுத்த பெருமை எனக்கு உண்டு.

இதனால் எனக்கு ஒரு கேடும் வந்திருக்காது, ஊரில் ஒரு வாக்குக் கொடுக்காமல் இருந்திருந்தால். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் கடலுக்கு இப்பால், என் மனைவி சிகப்பி பள்ளத்தூரில். மூன்று வருடம், நான்கு வருடத்துக்கு ஒரு தடவை போய்ச் சில மாதம் இருந்து வருவேன். போர்க்காலத்தில் அதுவும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைக் கூட்டினால் அப்போது நான்கு வருடமும் இரண்டு மாதமும்தான் வந்தது. எங்களுக்கு ஒரே மகள், உமையாள். அவளுக்குப் பதினைந்து வயதானபோது ஊருக்குப் போயிருந்தேன். கிளம்புகிற அன்று சிகப்பியிடம், "இவ கல்யாணம் முடியட்டும், அதோட நான் ஊருக்கே வந்துர்றேன்" என்று சொன்னேன்.  அதன்பிறகு அவள் எழுதிய ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் உமையாளின் வயதை எழுதினாள். வேறொன்றும் எழுதுவதில்லை, வயது மட்டும்.

அறுபதுகளின் கடைசியில், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஆயிற்று. என் சீட்டு முடிகிற நேரம், உமையாளுக்கு நேமத்தான்பட்டியில் ஒரு நல்ல இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். வேலை போனால் கல்யாணம் தள்ளிப்போகும். குடியுரிமை கிடைத்தால் வேலை நிற்கும். குடியுரிமைக்கு மலாய் மொழியில் நேர்காணல் உண்டு. எனக்கென்ன பயம் என்று மனுவைப் போட்டேன். கடைக்கு அரிசி வாங்க வந்த ஸைனப்பிடம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே, உந்துங், துவா என்று அளந்தேன். அவள் கூடையைக் கீழே வைத்தாள். அதிகாரி எதையாவது எண்ணச் சொன்னால் இப்படியா எண்ணப் போகிறீர்கள், ஒன்று என்ற சொல்லே தெரியாதவர் என்று அனுப்பிவிடுவார்கள் என்றாள். அரிசியைத் திரும்பக் கொட்டச் சொன்னாள். நாற்பது வருடத்தில் இரண்டாவது தடவையாக ஒருவர் என்னை அரிசியைத் திரும்பக் கொட்டச் சொன்னார்.

அன்றிலிருந்து பள்ளி விட்டதும் வந்துவிடுவாள். ஒரு காந்தாங் அரிசிதான் வாங்குவாள். ஆனால் ஐந்து தடவை அளக்க வைப்பாள். ஸாத்து என்று சொன்னால் தலையாட்டுவாள். உந்துங் என்றால் மேசையைத் தட்டுவாள். ஐம்பத்தெட்டு வயதில், தலை நரைத்து, அவள் வகுப்புப் பிள்ளைகளைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நாற்பத்தொரு நாள். மேசையைத் தட்டியது மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு தடவை. கடைசி ஆறு நாள் ஒரு தட்டும் இல்லை. நேர்காணலில் அதிகாரி அறையில் எத்தனை சன்னல் என்று எண்ணச் சொன்னார். ஸாத்து, துவா, தீகா, எம்பாட் என்று நான்கு எண்ணினேன். அவர் மூன்றுதான் என்றார். பீரோவுக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது, சட்டம் வெளியே தெரிகிறது பாருங்கள் என்றேன். அவர் எழுந்து போய்ப் பார்த்தார். இருந்தது. அந்த அறையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறாராம். குடியுரிமை கிடைத்தது. சிகப்பிக்கு எழுதினேன்: காகித வேலையெல்லாம் முடிந்தது, கல்யாணத்துக்கு நாள் பார்க்கலாம். என்ன காகிதம் என்று எழுதவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணத்துக்காக நாகப்பட்டினத்தில் இறங்கி, காரைக்குடி வந்து, பள்ளத்தூர்ப் பேருந்தில் ஏறினேன். நடத்துநரிடம் காசை வலக்கையில் நீட்டி, அந்த முன்னங்கையை இடக்கையால் தொட்டுக்கொண்டேன். மலாய்க்காரர்கள் மரியாதையாக எதையும் கொடுக்கும் முறை அது. எனக்குத் தெரியாமலே கைக்கு வந்துவிட்டது. நடத்துநர் காசை வாங்காமல் கையையே பார்த்தார். "கையில சுளுக்கா அண்ணாச்சி? முன்னாடி வந்து உக்காருங்க" என்று பெண்கள் பக்கத்து இருக்கையில் இடம் போட்டுக்கொடுத்தார். மறுக்கத் தெரியாமல், சுளுக்குக்காரனாகவே பள்ளத்தூர் வரை வந்து சேர்ந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முதல் நாள், பெண்ணோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற அரிசியைப் பெண்ணைப் பெற்றவன் தன் கையால், இரண்டு வீட்டார் முன்னால் அளந்து போட வேண்டும். பதினோரு மரக்கால். வீட்டின் நடுமுற்றத்தைச் சுற்றி அறுபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாயில் அரிசி குவிந்திருந்தது. மாப்பிள்ளையின் அத்தை தேனம்மை ஆச்சி நேர் எதிரே இருந்தார். நேமத்தான்பட்டி வீட்டில் அவர் சொல்லுக்குத்தான் மதிப்பு. நல்லது கெட்டது பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஒரு மாதம் முன்பு வேறொரு இடத்தில், தட்டு மாற்றும்போது யாரோ தும்மினார்கள் என்பதற்காகச் சம்பந்தத்தையே விட்டுவிட்டு வந்தவர். உமையாள் தூணருகே நின்றாள். நான் மரக்காலை அரிசிக்குள் அழுத்தி, கோபுரம் கட்டி நிறைத்து, கோணியில் கொட்டினேன். வாய் திறந்து, தெளிவாக, உரத்த குரலில், "ஸாத்து" என்றேன்.

 ஸைனப் மட்டும் இருந்திருந்தால் தலையாட்டியிருப்பாள். தேனம்மை ஆச்சி பக்கத்தில் இருந்தவரிடம், "சம்பந்தியாரு என்ன சொன்னாக?" என்று கேட்டார். அவர் தெரியவில்லை என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. திருத்திவிடலாம் என்று அவசரமாக இன்னொரு மரக்கால் அள்ளினேன். லாபம், லாபம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேதான் கொட்டினேன். வாய் திறந்தபோது, நாற்பத்தொரு நாள் அடித்து விரட்டியது அப்போதுதான் திரும்பி வந்தது. "உந்துங்" என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தேனம்மை ஆச்சி சிரிக்கவில்லை. "கல்யாண வீட்டுல மொத அளவு தடுமாறுறது நல்லதாப் படலை எனக்கு" என்று சொல்லி, இடுப்புச் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். நான் உமையாளைப் பார்க்கவில்லை. மரக்காலின் பித்தளைப் பட்டையில் எத்தனை ஆணி இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு.

அப்போது சிகப்பி தூண் பக்கமிருந்து முன்னால் வந்தாள். "உக்காருங்க ஆச்சி. அதெல்லாம் அந்த ஊரு லாபந்தான்" என்றாள். தேனம்மை ஆச்சி பாதி எழுந்தபடி அவளைப் பார்த்தார். "ரெண்டு வேற வேற வார்த்தையில்ல சொன்னாக?" "மொதச் சொன்னது சின்ன லாபம். ரெண்டாவது சொன்னது பெரிய லாபம். அங்குட்டு முப்பத்து நாலு வருசம் சம்பாரிச்ச ரெண்டையும் மொதல்ல உங்க வீட்டுக்குன்னு போட்டுட்டாக." அவள் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. தேனம்மை ஆச்சி யோசித்தார். அரிசிக் கோணியைப் பார்த்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்து, "அப்ப நம்மூரு லாபம் பாக்கி இருக்குல்ல. அதையும் போடச் சொல்லு" என்றார். இப்போது எல்லாரும் சிரித்தார்கள். நான் அள்ளினேன். லாபம் என்றேன். ரெண்டு, மூணு என்று பதினொன்று வரை குரல் நடுங்காமல் போனேன். மொத்தத்தில் அன்று பதினோரு மரக்காலுக்குப் பதில் பதின்மூன்று போயிற்று. நேமத்தான்பட்டியில் இன்றும் பெரிய லாபம், சின்ன லாபம் பற்றிப் பேசிக்கொள்கிறார்களாம்.

கல்யாணம் முடிந்து உமையாள் போன மறுநாள் மத்தியானம், சிகப்பி கழுவிய பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் அடுக்கியதை எண்ணிக்கொண்டிருந்தேன். "அந்த ரெண்டு வார்த்தைக்கும் நெசமா என்ன அர்த்தம்?" என்று கேட்டாள். சொன்னேன். ஏன் அதை மனப்பாடம் பண்ணினேன் என்று கேட்டாள். அதையும் சொல்லவேண்டியதாயிற்று: ஸைனப், நாற்பத்தொரு நாள், நான்காவது சன்னல், குடியுரிமை எல்லாம். அவள் ஒரு தட்டை இரண்டு பக்கமும் துடைத்தாள்.

"அப்ப நீக இப்ப அந்த ஊர்க்காரகளா?"

"காகிதத்துல" என்றேன்.

"காகிதத்துல இருந்தாத்தானே நீக எதையும் நம்புவீக."

வாக்குக் கொடுத்ததை அவள் சொல்லிக்காட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதற்கு என்னிடம் நான்கு காரணங்கள் தயாராக இருந்தன. வேலை, காகிதம், முதலாளிக்கு வயதாகிவிட்டது, திடீரென்று விட முடியாது. ஐந்தாவது காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதிவிடுகிறேன். தைப்பிங்கில் நான் தப்பாகப் பேசுவது எல்லாருக்கும் பழகிவிட்டது. பள்ளத்தூரில் தப்பாகப் பேசினால் என் மகளின் கல்யாணம் நிற்கப் பார்க்கிறது. அவள் எதையும் சொல்லிக்காட்டவில்லை. திரும்பிப் போகக் கப்பல் சீட்டு எடுத்தாயிற்றா என்று மட்டும் கேட்டாள். எடுத்தாயிற்று என்றேன். பதினோரு தட்டைத் துடைத்து அடுக்கினாள்.

"இன்னும் எத்தனை நாளு இருக்கு?"

"பதினெட்டு."

"பதினெட்டு நாளுல எத்தனை வார்த்தை படிக்கலாம்?"

"யாரு?"

"நாந்தான். உமையாளும் போயிட்டா. இனி இங்க இருந்து யாரு வயசை எழுதுறது?"

ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை வீதம் நூற்றெண்பது வார்த்தை. அடுப்படியில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். உப்பு, புளி, தண்ணீர், எவ்வளவு, வேண்டாம். 'வேண்டாம்' ஒரே நாளில் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆச்சி சுவருக்கு அந்தப்புறமிருந்து, "சிகப்பி, ஒன் வீட்டுக்காரரு மந்திரம் ஓதுறாகளா?" என்று கேட்டார். "எனக்குத்தான் ஓதிவிடுறாக ஆச்சி, கப்பலேத்தப் போறாக" என்று இவள் சொன்னாள். கடவுச்சீட்டுக்கும் அனுமதிக்கும் பதினான்கு மாதம் பிடித்தது. அதுவரை பாடம் கடிதத்தில் நடந்தது. நான் தைப்பிங்கிலிருந்து மலாய் வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்புவேன். அவள் பதில் எழுதுவாள். ஸைனப்பிடம் ஒருநாள் அந்தப் பதில்களைப் படித்துக் காட்டினேன். பள்ளத்தூரை விட்டு வெளியே போகாத ஒரு பெண்ணின் மலாயில் என்னுடைய தப்புகள் ஒன்றுகூடக் குறையாமல் இருப்பதைக் கேட்டு அவள் மேசையைத் தட்டக்கூட மறந்துவிட்டாள்.

அடுத்த வருடம் நானே போய் அவளை அழைத்து வந்தேன். கப்பலில் ஏழு நாளும் ஒரே கேள்விகளுக்கு ஒரே பதில்களைச் சொல்லிப் பார்த்தோம். அதிகாரி என்ன கேட்டாலும் நீ பதற்றப்படாதே, நான் பக்கத்தில் இருப்பேன் என்று தைரியம் சொன்னேன். பினாங்கில் இறங்கி வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் இருபத்து மூன்று பேர். எங்கள் முறை வந்தபோது அதிகாரி அவளுடைய சீட்டைப் பார்த்தார், என்னுடையதைப் பார்த்தார், இருவரையும் பொதுவாகப் பார்த்து, "ரூமா தி மானா?" என்று கேட்டார். வீடு எங்கே. சிகப்பி தலையைச் சாய்த்து, என் சந்தை மலாயில், என் தப்புகளோடு, "சாயா பூஞா ரூமா தைப்பிங்" என்றாள். என் வீடு தைப்பிங். அதே நொடியில் என் வாயும் திறந்துவிட்டது. அந்த நாட்டின் குடிமகனாகிய நான், ஸைனப் கேட்டால் தலையாட்டுகிற மலாயில், என் வாழ்நாளில் ஒரு தப்பும் இல்லாமல் நான் பேசிய ஒரே வாக்கியத்தைப் பேசினேன்: "ரூமா சாயா தி பள்ளத்தூர்." என் வீடு பள்ளத்தூரில். அதிகாரி எழுத எடுத்த பேனாவை எங்கள் இருவருக்கும் நடுவில் அப்படியே பிடித்துக்கொண்டு, எந்த ஊரை எழுதுவது என்று தெரியாமல், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.